குறடு கடித்த மூவர்

என் இடது காதில் மேல்பாதி கிடையாது. அதைக் கடித்து எடுத்தவன் என் மச்சான். மச்சானான பிறகு கடிக்கவில்லை, கடித்த பிறகுதான் மச்சானான். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் இல்லை. சிரிக்கட்டும், காது அவர்களுடையது இல்லையே.

அவனைச் சரக்குக் கொட்டகையில் எல்லோரும் குறடு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகையில் சிமெண்ட், உரம், தானியம் என்று எது வந்தாலும் முதுகில் ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. நான் ஒரு கோஷ்டி, அவன் ஒரு கோஷ்டி. எங்கள் காலத்துக்கு முன்னால் அங்கே ஒருவன் மூட்டை குத்தும் கொக்கியால் இன்னொருவன் கழுத்தைக் கிழித்துக் கொன்றுவிட்டான். அன்றிலிருந்து கத்தி, கொக்கி, பிளேடு எதுவும் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று சட்டம். காவலாளி வாசலில் நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

நல்ல சட்டம்தான். ஆனால் மூட்டை வாயைத் தைத்திருக்கும் கயிற்றை எதால் அறுப்பது என்று சட்டம் போட்ட மகராசன்கள் யோசிக்கவில்லை. எல்லோரும் பல்லால் அறுத்தோம். பல்லால் ஒரே இழுப்பில் அறுக்கத் தெரியாதவனைக் கூலிக்காரன் என்றே மதிக்க மாட்டார்கள். சண்டையும் நின்றபாடில்லை. ஆயுதம் இடுப்பிலிருந்து வாய்க்குப் போனது, அவ்வளவுதான். காவலாளி யார் வாயையும் திறந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒரு லாரி வந்தது. அதை இறக்க யார் முறை என்று தகராறு. முறை எங்களுடையது, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நான் குறட்டின் சட்டையைப் பிடித்தேன். அவன் தலையால் என் வயிற்றில் முட்டினான். சிமெண்ட் மூட்டைகள் மேல் விழுந்து புரண்டோம். அவன் மூக்கில் நான் விட்ட குத்தில் எலும்பு உடைந்து, அவன் ரத்தம் என் கண்ணில் வடிந்தது. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் தலையைத் திருப்பினான். முதலில் வலி வரவில்லை, சத்தம்தான் வந்தது. பச்சைக் கேரட்டைக் கடித்த மாதிரி, தலைக்குள்ளேயே. அவன் துப்பிய துண்டை யாரோ மிதித்துக்கொண்டு ஓடினார்கள். எடுத்துத் தைக்கக்கூட அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது அவன் தங்கை வந்தாள். கெஞ்சத்தான் வந்தாளாம். கெஞ்சுகிறவள் மாதிரி இல்லை, விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“போலீஸ்ல சொல்லிராதீங்க. அவனுக்கு என்னை விட்டா ஆளில்ல, எனக்கு அவனை விட்டா ஆளில்ல. நீங்களும் ஒண்ணும் சும்மா இருக்கல, அவன் மூக்கை ஒடைச்சிருக்கீங்க.”

“சொல்லத்தான் போறேன்” என்றேன்.

மறுநாள் சோறு கொண்டுவந்தாள். அடுத்த நாளும் கொண்டுவந்தாள். நான் போலீசில் சொல்லவில்லை. காதைக் கொடுத்துப் பெண்ணெடுத்தவன் என்று கொட்டகையில் என்னைக் கேலி செய்வதற்கு அதுதான் காரணம். அண்ணனுக்குக் கொஞ்சமும் குறையாத தங்கச்சி என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் தப்பிக்க முடியாமல் போய்விட்டது.

குறடு ஒருநாளும் அந்தக் காதைப் பற்றிப் பேசியதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. நடந்தால் என் வலப்பக்கமாகவே நடப்பான், உட்கார்ந்தால் என் வலப்பக்கம்தான் உட்காருவான். மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு நான் கொட்டகையின் சின்ன வண்டியை ஓட்ட ஆரம்பித்த பிறகும், முன்னால் எனக்கு இடப்பக்கம் இருக்கிற சீட்டில் ஏற மாட்டான். வெயிலோ மழையோ, பின்னால் சரக்கோடு சரக்காக உட்கார்ந்து வருவான். எனக்கு அது ஆத்திரமாக வரும். காதைப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லாத பயல், அதைக் கடிக்க மட்டும் எங்கிருந்து துணிந்தான்?

அவன் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோடா மூடியைப் பல்லால் திறப்பான். பலகையில் அடித்த ஆணியைப் பல்லால் பிடுங்குவான். காலையில் செங்கல்லை இடித்து, அந்தத் தூளைத் துணியில் தொட்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்ப்பான். ஈறு கிழிந்து ரத்தம் வாஷ்பேசினில் ஓடும். “பல்லு இரும்புடா மாப்ள, தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளக்கும்” என்பான். ராத்திரி வாய் கொப்பளிக்கிற பழக்கம்கூடக் கிடையாது. பல் டாக்டர் என்று ஓர் ஆள் எதற்காக இருக்கிறார் என்பதே அவனுக்குப் புரிந்ததில்லை.

மூட்டை தைக்கச் சணலுக்குப் பதில் நைலான் கயிறு வந்தது. சணல் பல்லுக்கு அறுபடும். நைலான் பல்லைத்தான் அறுக்கும். ஒருநாள் கீழ்க்கடைவாயில் ஒரு பல் விரிசல் விட்டது. சூடாக எது குடித்தாலும் துள்ளினான். என் மனைவி அவனை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் பொறுமையான மனிதர். நாற்காலியில் சாய்த்து, விளக்கை வாய்க்கு நேராகத் திருப்பி, பல்லில் வெடிப்பு இருக்கிறது, வேர் வரைக்கும் வேலை இருக்கிறது என்றார். கயிறு கடிப்பதை நிறுத்து, செங்கல்லைத் தூக்கி எறி, மெத்தென்ற பிரஷ் வாங்கு என்றெல்லாம் சொன்னார். எந்தப் பல் என்று உறுதிப்படுத்த ஒரு கம்பியால் தட்டிப் பார்த்தார். சரியான பல்லைத் தட்டிவிட்டார். குறட்டின் வாய் மூடிக்கொண்டது. உள்ளே டாக்டரின் ஆள்காட்டி விரல்.

அவர் போட்ட அலறலில் மருந்துக்கடைக்காரர் மாடிக்கு ஓடிவந்தார். குறடு அதற்குள் தட்டைத் தட்டிவிட்டு, கழுத்தில் கட்டிய துண்டோடு படிக்கட்டில் இறங்கி ஓடிவிட்டான். டாக்டரின் விரல் எலும்பு சிதறி, சேர்ந்தபோது கோணலாகச் சேர்ந்தது. பல மாதம் அவர் கருவியையே தொடவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன என் மனைவியிடம் கதவைத் திறக்காமலே பேசினார்.

“அந்தப் பல்லை நான் பாக்க மாட்டேன். வேற யாராவது பாக்கணும். இல்லைன்னா ஒருநாள் அந்தப் பல்லு அவனைப் பாத்துக்கும். போங்கம்மா.”

யாரும் பார்க்கவில்லை. வருஷம் ஓடியது. வலி வரும், போகும். புகையிலையை அடக்கிக்கொள்வான், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பான். போன மழைக்காலத்தில் வந்த வலி போகவில்லை. கல்யாணத்திலிருந்தே எங்களோடுதான் இருந்தான், ராத்திரி எழுந்து எங்கள் வீட்டுச் சுவரில் தலையை மோதுவான். காரை பெயர்ந்து விழும். ஒருநாள் அலமாரியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தான். தடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரின் பனியனைக் கிழித்து அவரையும் கீழே தள்ளினான். அந்த மனிதர் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை.

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. லாரிப் பட்டறை மெக்கானிக்கிடம் போனான். பல் பிடுங்கத் தெரிந்த மெக்கானிக் என்று கொட்டகையில் அவனுக்கு ஒரு பேர். வலி கீழே தொடங்கி மேலே ஏறியிருந்தது. கடைவாய் வலிக்கு அந்தக் குணம் உண்டாம், ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறிடத்தைக் காட்டுமாம். இது எங்களுக்கு என்ன தெரியும்? குறடு மேல்பல்லைக் காட்டி, “இதுதான், பிடுங்கு” என்றான். ஆயில் டிரம் மேல் உட்கார வைத்து நானும் இன்னொருவனும் தோளை அமுக்கினோம். மெக்கானிக் அவன் நெஞ்சில் ஒரு காலை ஊன்றி, பட்டறைக் குறட்டால் பல்லைப் பிடித்துத் திருகி இழுத்தான். ஈறோடு பிய்ந்து வந்தது பல். சொத்தை இல்லை, வெடிப்பு இல்லை, விளம்பரத்தில் காட்டுகிற பல் மாதிரி இருந்தது. குறடு வாய் நிறைய ரத்தத்தோடு நாக்கால் துழாவினான். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் எழுந்து அந்த டிரம்மைத் தூக்கி மெக்கானிக் மேல் எறிந்தான். மெக்கானிக்குக்கு விலா முறிந்தது.

இரண்டொரு நாளில் தாடை வீங்கியது. கன்னத்துக்குள் ஓர் உருளைக்கிழங்கை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தான். பிறகு வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கியது. உடம்பு கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மனைவி கையைப் பிடித்து இழுத்தபோது அவள் மேலேயே முஷ்டியை ஓங்கினான். ஓங்கியது கண்ணாடியில் போய் இறங்கியது. அவள் நகரவில்லை. உடைந்த கண்ணாடிக்கு நடுவில் நின்றுகொண்டு, “சாவுறதுன்னா என் வீட்டுல சாவாதே, எழுந்து வண்டியில ஏறு” என்று கத்தினாள். அவள் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு விடுமுறை. பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவு பூட்டிக் கிடந்தது. அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“சீழ் இன்னைக்கே வெளிய வரணும். நாக்குக்கு அடியில ஏறிடுச்சுன்னா மூச்சு அடைச்சிரும். நாளைக்குப் பிரிவு தொறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெளிய எந்தப் பல் டாக்டராவது இருந்தா உடனே போங்க.”

முதலில் போன இடத்தில் டாக்டர் அறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “இவரா?” என்றார். அடுத்த நிமிஷம் ஷட்டர் இறங்கியது. பல் டாக்டர்களுக்குள் சங்கம் இருக்கிறதாம். அந்த விரலின் கதை சங்கம் முழுக்கச் சுற்றி வந்திருந்தது. அடுத்த இடத்தில் கையைக் கட்டிப் போட்டால் பார்க்கிறோம் என்றார்கள். குறடு கண்ணாடிக் கதவை உதைத்து நொறுக்கினான். அங்கிருந்த காவல்காரர் தடியால் அவன் முதுகில் போட்டார். நான் காவல்காரரைப் போட்டேன். அவர் என் முகத்தில் போட்டார். என் மனைவி மூன்று பேரையும் செருப்பால் போட்டுப் பிரித்தாள்.

வண்டியில் ஏறும்போது குறடு மூச்சு வாங்கினான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆத்திரம் எல்லாம் இறங்கி எனக்கும் பயம் வந்தது.

“மருந்துக்கடை மாடிக்கு விடு” என்றாள் என் மனைவி.

“அந்த டாக்டரா? அவர் இவனை உயிரோட விடுவாரா?”

“கால்ல விழுறேன். அடிச்சா வாங்கிக்கிறேன். விடு வண்டியை.”

டாக்டரின் வீடும் அந்த மாடியில்தான், சிகிச்சை அறைக்குப் பின்னால். வீட்டு உடையில் வந்து கதவைத் திறந்தார். குறட்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பியவரின் பார்வை என் காதில் வந்து நின்றது.

“உங்களையுமா?”

“ஆமா சார்.”

அவர் சிரிக்கவில்லை. குறட்டின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கோணலான விரலை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினார். “பாரு. நல்லாப் பாரு. இதை வெச்சுக்கிட்டு என்னால இனிமே நுணுக்கமான வேலை எதுவும் செய்ய முடியாது. படிச்ச படிப்புல பாதியைக் கடிச்சுத் துப்பிட்டுப் போயிட்ட.” சொல்லிவிட்டு, வீங்காத கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

நான் நடுவே பாய்ந்தேன். குறடு அறை வாங்கிச் சும்மா நின்றதை நான் கண்டதே இல்லை. நின்றான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, கை எழவில்லை.

“உள்ள வா” என்றார் டாக்டர்.

நாற்காலியில் சாய்த்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். “அடியில இன்னும் ஏறல. ஏறியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்” என்றார். பிறகு உடைத்தே சொன்னார். “மரத்துப்போற ஊசி போடுறேன். சீழ் இருக்கிற எடத்துல அது பாதிதான் வேலை செய்யும். வலிக்கும். வாயை மூடினா என் கதையும் முடிஞ்சுது, உன் கதையும் முடிஞ்சுது. புரியுதா?”

குறடு தலையாட்டினான். டாக்டர் ஒரு ரப்பர் கட்டையை மறுபக்கக் கடைவாய்க்கு நடுவில் செருகினார். என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கடித்தவன் தலை கடிபட்டவன் கையில். கடிபட்ட இன்னொருவர் கை அவன் வாயில். என் மனைவி வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஈறைக் கீறியதும் சீழும் ரத்தமும் பீறிட்டு டாக்டரின் சட்டையில் அடித்தன. குறடு உடம்பை வில்லாக வளைத்து, நாற்காலிக் கைப்பிடியைப் பிய்த்துவிடுவது போல் பிடித்தான். அடுத்து டாக்டர் பல்லைப் பிடித்து அசைத்தார். வெடித்த பல் பாதி உடைந்து கையோடு வந்தது. மிச்சத்தைப் பிடிக்க அவர் விரலை உள்ளே விட்ட நேரத்தில் ரப்பர் கட்டை சீழில் வழுக்கி வெளியே எகிறியது.

அந்தத் தாடை இறங்குவதைப் பார்த்தேன். அதை நான் முன்பே ஒருமுறை பார்த்தவன்.

குறட்டின் வலது கை கைப்பிடியை விட்டு மேலே வந்தது. தன் கட்டைவிரலைத் தானே மறுபக்கக் கடைவாய்க்குள் திணித்தான். தாடை அதன் மேல் இறங்கியது. பச்சைக் கேரட்டைக் கடித்த அதே சத்தம். டாக்டரின் விரல் உள்ளேதான் இருந்தது, தோல்கூடக் கீறவில்லை.

“கையை எடுய்யா! கையை எடு!” என்று டாக்டர் கத்தினார்.

அவன் எடுக்கவில்லை. கண்ணால் பல்லைக் காட்டினான். எடுங்கள் என்றான், வார்த்தை இல்லாமல். டாக்டர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு அந்த மிச்ச வேரைப் பிடித்து முழு மூச்சோடு திருகினார். இழுக்க இழுக்கக் குறடு தன் விரலையே கடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் ரத்தம் வழிந்து முழங்கையில் சொட்டியது. வேர் வெளியே வந்து தட்டில் விழுந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். விரலில் எலும்பு தெரிந்தது.

வாயில் பஞ்சை வைத்து முடித்துவிட்டு அதே டாக்டர் அந்த விரலையும் கழுவித் தைத்தார். தைக்கும்போது என்னிடம் கேட்டார், “கயித்தை எதுக்குப் பல்லால அறுக்குறீங்க? பைத்தியமா உங்களுக்கு?”

கத்தி கூடாது என்ற சட்டத்தைச் சொன்னேன்.

“வாசல்ல ஒரு கத்தரிக்கோலைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சா என்ன?”

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கழுத்து, ஒரு காது, ஒரு விரல் என்று போன பிறகும் எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. இப்போது கட்டியிருக்கிறது. முனை மழுங்கிய கத்தரிக்கோல், சைக்கிள் சங்கிலியில்.

டாக்டர் என் மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். உப்புத் தண்ணீர், மாத்திரை, மெத்தென்ற பிரஷ், ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், பிறகு மற்ற பல்லையெல்லாம் பார்க்கத் திரும்ப வர வேண்டும். “எங்க சார் வர்றது?” என்று கேட்டாள். “இங்கதான். வேற யாரு பாப்பாங்க இவனை?” என்றார். அவள் அவர் காலில் விழப் போனாள். அவர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

கீழே வந்தோம். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். என் மனைவி முன் கதவைத் திறந்தாள். குறடு அவள் தோளைத் தொட்டு விலக்கினான். கட்டுப் போட்ட கையோடு முன் சீட்டில் ஏறி என் இடப்பக்கம் உட்கார்ந்தான். அவள் பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

நான் எஞ்சினைக் கிளப்பினேன். அவன் என் சட்டையை இழுத்தான். எதையோ சொன்னான், பஞ்சும் வீக்கமுமாகக் குழறியது, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. வாயை என் பக்கம் கொண்டுவந்தான். அந்த வாய் அந்தக் காதுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனை காலம்! என் உடம்பு தானாகக் கதவோரம் ஒதுங்கியது. அவன் அதைப் பார்த்தான். வாயை அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். சாய்ந்து, இருக்கிற பாதிக் காதை அவன் வாய்க்கிட்டே கொண்டுபோனேன். ரத்தமும் மருந்துமாக அவன் மூச்சு அடித்தது.

“உனக்கும் இப்பிடித்தான் வலிச்சுதா மாப்ள?”

இன்னொரு கன்னத்திலும் ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது எனக்கு. கை எழவில்லை, அழுகைதான் வந்தது.

“இதை விட ஜாஸ்திடா” என்றேன். “இதை விட.”